நடக்கும்போது உங்கள் முதுகெலும்பைக் கவனித்ததுண்டா?

குச்சிமுதுகு:
ரெண்டு மாசமா மண்டைக்குள்ள சுத்துது, எழுதிடறேன். பிசியோதெரபிக்குப் போனப்ப டிரெட்மில்ல நடக்க விட்டாங்க. முதுகெலும்பு நெடுகச் சின்னக் குச்சிகளை ஒட்டிப் பின்னாடியிருந்து வீடியோ எடுத்தாங்க. மெதுவா நடந்தப்ப எல்லாக் குச்சியும் ஒரே பக்கமா ஆடுச்சு. வேகத்தைக் கூட்டினாங்க. நாலஞ்சு எட்டுதான். வலது கால் முன்னே போறப்ப இடுப்புக் குச்சிகள் வலப்பக்கம், கழுத்தடிக் குச்சிகள் இடப்பக்கம்! தோள்பட்டை எலும்புகளோட கீழ்முனைக்கு நேரா இருந்த ஒண்ணு மட்டும் அசையாம நின்னுச்சு. அது முதுகெலும்போட மார்புப் பகுதியில 7, 8-ஆவது முள்ளெலும்பு பக்கம்னாங்க. இப்போ எங்கே நடந்தாலும் அந்த இடத்துலயே நினைப்பு.

நடைப்பித்தன்:
எனக்கு நேர்மாறு, மேலும் கீழும் ஒண்ணாவே திரும்புது. வலிக்காக மூணு வாரம் இடுப்பு பெல்ட். "பீரோவை நகர்த்துற மாதிரி நடக்கறே"ன்னு வீட்ல சொன்னாங்க. பெல்ட் போச்சு, வலியும் போச்சு, பீரோ போகலை.

எலும்பு வாத்தியார்:
குச்சிமுதுகு, கீழ்முதுகே முறுக்கிக்கிச்சுன்னு நினைச்சா தப்பு. அங்கே இருக்கற 5 எலும்பும் தலைக்கு ஓரிரண்டு டிகிரிதான் திரும்பும், மூட்டுகளோட அமைப்பே விடாது. திரும்புறது இடுப்பெலும்பு, பக்கத்துக்கு 4 டிகிரி போல. கீழ்முதுகு பக்கவாட்டில் வளையும்: தூக்கின கால் பக்கம் இடுப்பு இறங்க, முதுகு ஊன்றின கால் பக்கம் வளைஞ்சு ஈடுகட்டும். என் கதை சின்னது. இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணாடியில பார்த்தேன், அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் மொத்த உடம்பும் அந்தப் பக்கமே சாய்ஞ்சுது. அதனால சொல்றேன்: போனைப் பார்த்துக்கிட்டே நடக்காதீங்க, கையை வீசுங்க, பையை ஒரே தோளில் மாட்டாதீங்க, நெஞ்சை விறைச்சுக்கிட்டு அணிவகுப்பு நடை வேண்டாம், செருப்பு ஒரு பக்கம் தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க, உட்கார்ந்தே வேலை பார்க்கறவங்க அப்பப்போ எழுந்து...

மீன்வால்:
வாத்தியார் சார், காலை வெச்சே பேசறீங்க. முதுகெலும்புதான் நடையோட என்ஜின், அது மீன் வளைஞ்சு நீந்துறதுலேர்ந்து வந்ததுன்னு செர்ஜ் கிராகோவெட்ஸ்கிங்கற ஆராய்ச்சியாளர் 1988லேயே எழுதிட்டார். எல்லாரும் ஒத்துக்கலை, தெரியும். ஆனா என் குழந்தை தவழுறப்ப முதுகு அதே மாதிரி வளையறதைப் பார்த்தேன். அதுலேர்ந்து எனக்குச் சந்தேகமே இல்லை.

எலும்பு வாத்தியார்:
தவழுறது நடையா?

குச்சிமுதுகு:
சார், செருப்பைப் பத்தி நான் கேக்கவே இல்லை. நடைப்பித்தன், வேகமா நடந்து பார்த்தீங்களா? எனக்கு வேகம் கூடினப்பதான் மேலும் கீழும் பிரிஞ்சுது.

நடைப்பித்தன்:
பார்த்தேன். பீரோ வேகமாப் போச்சு.