பின்சுவருக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே 14 அங்குலம்: பலகை அடிப்பது எப்படி?

கோத்தகிரி அக்கா:

வீட்டுக்குப் பின்னால் தோட்டச் சாமான் வைக்க ஒரு ஷெட் போடுகிறேன். நீளம் 8 அடி, அகலம் 6 அடி. சட்டம் நிறுத்தி மேலே தகரமும் போட்டாயிற்று. முன்பக்கமும் வலப்பக்கமும் பலகை அடித்து, இரண்டு நாள் அழகு பார்த்த பிறகுதான் பின்பக்கம் போய் நின்றோம். நின்றோம் என்பதே தப்பு, நிற்க இடமில்லை. மேட்டைத் தாங்கும் தடுப்புச் சுவர் சட்டத்திலிருந்து 14 அங்குலத்தில் இருக்கிறது. ஆசாரி ஒல்லியான ஆள், பக்கவாட்டில் நுழைந்துவிட்டார். ஆனால் சுத்தியலை ஓங்கினால் முழங்கை கல்லில் இடிக்கிறது. ஒரே ஓர் ஆணி அடித்தார், அதுவும் வளைந்துவிட்டது. "பின்பக்கத்தைக் கீழேயே அடித்துவிட்டு அப்புறம் நிறுத்தியிருக்கணும்மா" என்றார். நிறுத்தியது யார் என்று நான் கேட்கவில்லை.

பலகை, பழைய வீடு பிரித்த இடத்தில் வாங்கிய தேக்கு. முக்கால் அங்குலம். இடப்பக்கம் இன்னும் மோசம்: பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு 9 அங்குலத்தில். ஷெட்டை முன்னால் இழுக்கவும் வழியில்லை, ப்ளம்ஸ் மரம் நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும், கோத்தகிரியில் அந்த மழைதான் பெரிசு. பேசாமல் தார்ப்பாயைச் சுற்றிவிடலாமா?

குன்னூர் மரவேலை:

தார்ப்பாய் வேண்டாம் அக்கா. நம்ம ஊர் மூட்டத்தில் உள்ளே வேர்த்து, மண்வெட்டிப் பிடியெல்லாம் பூஞ்சை பூத்துவிடும்.

சந்துக்குள் ஆள் போகவே தேவையில்லை. 4 அடி அகலம், 6 அடி உயரத்தில் இரண்டு தட்டிகளை முற்றத்தில் படுக்கப்போட்டுச் செய்யுங்கள். ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய நீள மரக்கட்டை) நெட்டுக்குத்தாக, அதன்மேல் பலகை குறுக்கே, கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி. ரீப்பரைக் குறுக்கே அடிக்கச் சொல்லிவிடாதீர்கள், பின்னால் இறங்கும் தண்ணீர் அதில் தேங்கும். நெட்டுக்குத்தாக இருந்தால் தண்ணீர் கீழே போய்விடும், காற்றும் மேலே ஏறும்.

தட்டியைக் கதவு மாதிரி நிறுத்தி, வலப்பக்கத்திலிருந்து சந்துக்குள் தள்ளுங்கள். ஒன்று 35 கிலோ வரும், இரண்டு பேர் போதும். ஷெட்டுக்கு உள்ளே நின்று, சட்டத்தின் வழியாக ரீப்பருக்குள் ஸ்க்ரூ முடுக்க வேண்டும். சட்டம் 2 அங்குலம் என்றால் 3 அங்குல ஸ்க்ரூ. 4 அங்குலம் போட்டால் பலகையையும் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கும். பழைய தேக்கு வெடிக்கும், அதனால் டிரில்லில் ஓட்டை போடாமல் எதையும் ஏற்றாதீர்கள்.

இரண்டு தட்டியும் சேரும் நடுக்காலின் வெளிமுகத்தில் அலுமினியப் பட்டை ஒன்றை உள்ளேயிருந்தே கையை விட்டு முதலில் அடித்துவிடுங்கள். இடுக்கில் போகும் மழை அதில் வடியும்.

பெயிண்டோ எண்ணெயோ, பலகையின் எல்லா முகத்துக்கும், முக்கியமாக அறுத்த முனைகளுக்கு, தரையில் இருக்கும்போதே பூசுங்கள். அப்புறம் அங்கே பிரஷ் போகாது.

வில்பட்டிக்காரன்:

கொடைக்கானலில் நானும் இதே கூத்துதான் ஆடினேன். அந்த 9 அங்குலப் பக்கத்துக்குத் தேக்கை வீணாக்காதீர்கள். பத்து வருஷத்துக்கு யாரும் பார்க்கப்போவதில்லை, யாராலும் பராமரிக்கவும் முடியாது. கலர் ஷீட்டை இதே மாதிரி ரீப்பரில் முடுக்கி உள்ளே தள்ளிவிடுங்கள். மழையில் தடதடவென்று சத்தம் வரும், விடிகாலையில் உட்பக்கம் துளித்துளியாக வேர்க்கும். கூரைக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டு எலிவலை அடித்தேன், வேர்வை பாதி குறைந்தது.

தேயிலைத் தோட்டத்தான்:

தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்குமே, அவை எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்த்தீர்களா? ஐப்பசியில் குழாய் திறந்த மாதிரி பீய்ச்சும். நேரே பலகைமேல்தான் விழும். அடைத்துவிடாதீர்கள், சுவரே தள்ளிக்கொண்டு வந்துவிடும். சந்தின் தரையை ஒரு பக்கம் சரித்து வாய்க்கால் விடுங்கள். கடைசிப் பலகை மண்ணுக்கு அரை அடி மேலே நிற்கட்டும்.

கோத்தகிரி அக்கா:

முடிந்தது! முழுதாக இல்லை, பின்பக்கம் மட்டும்.

வாய்க்கால் முதலில். மொத்தம் மூன்று ஓட்டைகள், முட்டி உயரத்தில். ஒன்றில் வேர் அடைத்திருந்தது, கம்பியால் குத்தியதும் ஒரு வாளி சேறு வந்தது. அப்புறம் தட்டிகள். முதல் தட்டியை நானும் ஆசாரியும் மூச்சுப் பிடித்துத் தள்ளி, இடக்கோடிவரை கொண்டுபோய் நிறுத்தினோம். உள்ளே வந்து டிரில்லை எடுத்துப் பார்த்தால், வழவழவென்று எண்ணெய் பூசிய பலகை முகம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ரீப்பர் மலைப்பக்கம். 14 அங்குலத்தில் 4 அடித் தட்டியைத் திருப்ப முடியுமா? மறுபடி முழுக்க வெளியே இழுத்து, திருப்பி, மறுபடி தள்ளினோம். ஆசாரி அன்று டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இரண்டாவது பத்து நிமிஷத்தில் நின்றது. நேற்றிரவு நல்ல மழை, நடு இடுக்கில் ஒரு சொட்டு இல்லை.

இடப்பக்கத்துக்கு மேட்டுப்பாளையத்தில் ஷீட் சொல்லியிருக்கிறேன். வந்ததும் 'இது வெளியே' என்று சாக்பீஸில் எழுதிவிட்டுத்தான் தூக்கப்போகிறோம்.