நம்ம வீடு: ‘கிளிம்மர்’ பஞ்சாயத்து

நிலா: பெரியப்பா, ‘கிளிம்மர்’ என்றால் என்ன? அகராதியில் ‘மங்கிய ஒளி’ என்று மட்டும் போட்டிருக்கிறது. நாளைக்கு ஆங்கில வகுப்பில் இந்தச் சொல்லைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

பெரியப்பா: அது பாதிதான் கண்ணா. ஆடாமல் அசையாமல் மங்கலாக எரிகிற பல்பை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒளி விட்டு விட்டுத் தெரிய வேண்டும், தூரத்துப் படகில் ஆடுகிற லாந்தர் மாதிரி.

நிலா: அப்போ கிளிட்டர்?

பெரியப்பா: அது கண்ணைப் பறிக்கும். இதற்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ஆனால் இரண்டிலும் கடைசியில் வரும் ‘அர்’ ஒன்றுதான். ஃபிளிக்கர் (விட்டு விட்டு எரிவது), பேட்டர் (மழைபோல் படபடவென்று தட்டுவது) எல்லாம் அந்தக் கூட்டம். சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும் பழைய விகுதி. நாம் ‘மினுமினு’ என்று இரட்டித்துச் சொல்கிறோமே, அதே வேலை.

லதா சித்தி: கிளீம், கிளோ, கிளின்ட்... வெளிச்சம் என்றாலே ‘கிளி’தானா? 😄

பெரியப்பா: ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் சொத்து லதா. லத்தீன் வழி வந்ததில்லை. ‘கிளிம்ப்ஸ்’கூட உறவுதான். முதலில் அதுவும் மங்கலாக ஒளிர்வதைத்தான் குறித்தது. ஒரு கணம் கண்ணில் பட்டு மறைவது என்ற பொருள் பிறகு வந்தது.

பிரபு: இங்கே ஜெர்மனியில் ‘கிளிம்மென்’ என்றால் கொழுந்துவிடாமல் கனன்றுகொண்டிருப்பது. சிகரெட்டுக்கு வேடிக்கையாக ‘கிளிம்ஷ்டெங்கல்’ என்பார்கள். கனலும் தண்டு!

லதா சித்தி: டேய், அதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதே.

பிரபு: சரி சித்தி, வகுப்பில் சொல்கிற மாதிரி ஒன்று. ‘கிளிம்மர்’ என்றே இங்கே ஒரு தாதுவுக்குப் பெயர். கருங்கல்லை வெயிலில் திருப்பினால் அங்கங்கே பளிச்சென்று தெரியுமே, அது.

ஆச்சி (குரல் பதிவு, லதா எழுதியது): காக்காப்பொன்னைச் சொல்கிறானா? நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும். சட்டையில் ஒட்டினால் லேசில் போகாது.

பிரபு: அதேதான் ஆச்சி! மைக்கா.

நிலா: ‘கிளிம்மர் ஆஃப் ஹோப்’ என்கிறார்களே?

பெரியப்பா: நம் பேப்பரில் ‘நம்பிக்கைக் கீற்று’ என்று வருமே, அதுதான். இன்னொன்று கேள். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருடர்களின் குழூஉக்குறியில் விளக்குக்குப் பெயர் ‘கிளிம்’. ‘டவுஸ் த கிளிம்’ என்றால் விளக்கை அணை.

நிலா: சூப்பர் பெரியப்பா, இதை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

லதா சித்தி: முதலில் பொருளைச் சொல்லிவிடு, அப்புறம் திருடன் வரட்டும். சிகரெட் வரவே வேண்டாம்.