கீரை விதையைப் பாத்தியில் தூவுவதா, தட்டில் நாற்றாக்குவதா?

சாம்பல்தீவு மணல்:
எந்தக் கீரையானாலும் தட்டில் நாற்றுப் போட்டுத்தான் நடவேண்டும், பாத்தியில் தூவினால் விதை வீண் என்று உவர்மலை அக்கா நேற்று எழுதியிருந்தார். முளைக்கீரைக்கு இதை என்னால் ஏற்க முடியாது. 25, 30 நாளில் வேரோடு பிடுங்கி எடுக்கிற பயிர் அது. நாற்றைப் பெயர்த்து நட்டால் வாடித் தேறவே பல நாள் போய்விடும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் விதை இருக்கும், அதை ஒவ்வொன்றாகக் குழியில் போட முடியுமா? பாத்தியை நன்றாக நனைத்து, விதையோடு காய்ந்த மணலைப் பத்து மடங்கு கலந்து தூவுங்கள். மேலே சலித்த எரு அரை சென்ரிமீற்றர் போதும். அதற்கு மேல் மூடினால் முளை மேலே வராது.

உவர்மலை அக்கா:
தம்பி, நீங்கள் மாரிக்கணக்குச் சொல்கிறீர்கள். வைகாசியில் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று எழும்பினால் கடற்கரை மணலுக்குக் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் வரைகூட நிற்காது. ஊறிய விதை வேர்முனையை வெளியே நீட்டுகிற நேரத்தில் காய்ந்துவிட்டால் அது செத்தது செத்ததுதான், பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் எழும்பாது. இன்னொன்று, கோடையில் கடலோரக் கிணறுகள் சில உவர்க்கும். வளர்ந்த செடி தாங்குகிற உப்பை முளைவிடும் விதை தாங்காது. தும்புச்சோறும் (தேங்காய் நார்த்தூள்) மக்கிய எருவும் நிரப்பிய தட்டுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். முழுப் பாத்திக்கும் நல்ல தண்ணீர் சுமக்க யாரால் முடியும்?

சாம்பல்தீவு மணல்:
காய்வதற்கு மருந்து கிடுகுதான் அக்கா. தூவிய கையோடு கிடுகையோ வைக்கோலையோ பரப்பி, அதன் மேலேயே பூவாளியால் தண்ணீர் தெளிக்கலாம். மூன்று, நான்கு நாளில் முளை தெரிந்ததும் மாலை நேரத்தில் எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் வெளிறி நெடுத்துச் சாய்ந்துவிடும். எறும்புக்குப் பாத்தியைச் சுற்றிக் குறுணல் தூவுங்கள், அதை இழுத்துக்கொண்டு போகும். தட்டில் நெருக்கமாகப் போட்டு ஈரம் கூடினால் தண்டு அடியில் அழுகி நாற்று மொத்தமாகச் சரியுமே, அதையும் சொல்லுங்கள்.

தம்பலகாமம் வயல்காரன்:
இரண்டு பேரும் மணலையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் களி. கார்த்திகை மழை ஒன்று கொட்டினால் தூவிய விதையெல்லாம் பாத்தியின் ஒரு மூலையில் கிடக்கும். பிறகு வெயில் எறித்தால் மேல்மண் ஓடுபோல இறுகி முளையை அமுக்கும். நான் தூவுவதில்லை. மேட்டுப்பாத்தியில் விரலால் கோடு கீறி, விதையிட்டு, மண்ணுக்குப் பதில் எருவால் மூடுகிறேன். எரு இறுகாது. கோட்டில் வந்தால் களை எது, கீரை எது என்றும் தெரியும்.

அப்புறம், கொத்தமல்லியைத் தட்டில் போடச் சொல்லாதீர்கள் அக்கா. ஆணிவேர் கலைந்தால் இலை தருவதற்குள் பூத்துவிடும். லேசாக உரசி இரண்டாகப் பிளந்து, நேரே மண்ணில் போடவேண்டிய விதை அது. வெந்தயமும் நேரடிதான், ஆனால் பிளக்கத் தேவையில்லை. பசளிக்கோ விதையே வேண்டாம், முற்றிய கொடியில் ஒரு சாண் துண்டு வெட்டி ஊன்றினால் வேர்விடும்.

உவர்மலை அக்கா:
கொத்தமல்லி, வெந்தயம் இரண்டையும் விட்டுத் தருகிறேன். பசளி விதையை இரவு முழுக்க ஊறவைத்துப் போட்டாலும் முளைக்கும், ஆனால் தண்டு விரைவு, உண்மை. சலாது, அதுதான் லெட்டூஸ், அதை என்ன செய்வீர்கள்? மண்ணின் சூடு 30 பாகையைத் தாண்டினால் அந்த விதை உறங்கிப்போகும், முளைக்காது. வெளிச்சமும் வேண்டும், ஆழப் புதைக்கக் கூடாது. கோடையில் நம் ஊரில் அதற்கு நிழலில் வைத்த தட்டைத் தவிர வேறு வழி இல்லை. பாத்தியைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைக்க முடியாதே.

சாம்பல்தீவு மணல்:
சலாதுக்குத் தட்டு, சரி. முளைக்கீரையில் நான் இறங்கமாட்டேன். கச்சான் காலத்தில் தென்னை நிழல் விழுகிற பக்கமாகப் பாத்தியை எடுத்து, காற்று வரும் மேற்குப் புறத்தில் கிடுகு வேலி கட்டி, பொழுது சாயத் தூவுங்கள். கிணறு உவர்க்கிற வீடுகளுக்கு மட்டும் அக்கா சொல்வதே வழி.

உவர்மலை அக்கா:
தம்பி, எங்கள் தெருவில் பெரும்பாலும் அப்படிப்பட்ட கிணறுகள்தான்.