மகளுக்கு சீலியாக்: அரிசிச் சாப்பாட்டு வீட்டில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

சேலத்து அப்பா:

மகளுக்குப் பதினொரு வயது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை, உயரமும் வயதுக்குக் குறைவு. டிடிஜி என்று ஒரு எதிர்ப்புப் பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அப்புறம் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்து, சீலியாக் நோய் என்று உறுதிப்படுத்திவிட்டார்கள். குளூட்டன் என்ற புரதம்தான் ஆகாதாம். அது இருக்கும் கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்கள் மூன்றும் ஆயுளுக்கும் கூடாது. கையில் கொடுத்த உணவுப் பட்டியல் முழுக்க ரொட்டிக்கு மாற்று, பராத்தாவுக்கு மாற்று. எங்கள் வீட்டில் சப்பாத்தியே எப்போதாவதுதான்.

மனைவிக்கு ஷிஃப்ட் வேலை, அதனால் வீட்டில் சமையல் நான்தான். "நாம அரிசி சாப்பிடுற ஆளுங்க, ரவையையும் சப்பாத்தியையும் நிறுத்தினா முடிஞ்சுது" என்கிறான் தம்பி. நிறுத்தியாயிற்று. வயிற்று உப்புசம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. வேறு எதிலிருந்து குளூட்டன் உள்ளே போகிறது?

இன்னும் இரண்டு. "ஒரு பிஸ்கட்ல என்னடா ஆயிடும்?" என்று கேட்கும் என் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? தட்டுவடை செட்டை விட வேண்டுமா என்று மகள் கேட்கச் சொன்னாள். சேலத்துப் பிள்ளை, கேட்கத்தான் செய்வாள்.

கோமதி, திருச்சி:

தம்பி, முதலில் உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். என் மகனுக்கும் இதே நோய்தான், இப்போது கல்லூரியில் படிக்கிறான். நம் பக்கத்து வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது பெருங்காயத்தைத்தான். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்த்துத்தான் செய்கிறார்கள். கட்டியாக இருந்தால் சுத்தமானது என்று நினைத்துவிடாதீர்கள், கட்டியிலும் அதே மாவு உண்டு. அரிசி மாவு சேர்த்தது கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பெருங்காயமே இல்லாமல் பூண்டு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். சாம்பார் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் என்று அது நுழையாத இடம் இல்லை, எனவே கடைப் பொடிகளையும் பாருங்கள்.

அடுத்தது மால்ட் பானங்கள். உயரம் குறைவு என்கிறீர்கள், அதற்காகவே யாராவது டப்பா வாங்கிக் கொடுத்திருப்பார்கள். மால்ட் என்றாலே பெரும்பாலும் பார்லிதான், பலவற்றில் கோதுமையும் இருக்கும். கடைச் சத்துமாவும் அப்படியே. கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, பாசிப்பயறு வைத்து வீட்டில் வறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதை மாவு மில்லுக்கு எடுத்துப் போகாதீர்கள். முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார், மெஷினில் தங்கியது உங்கள் ராகியோடு வந்துவிடும். தானியம் நல்லதாக இருந்தும் கெட்டுப்போவது இங்கேதான். வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலியுங்கள், சல்லடையும் புதிதாக வாங்கியதாக இருக்கட்டும். பழைய சப்பாத்திப் பலகை, கட்டை, சப்பாத்தி போட்ட தோசைக்கல் எதுவும் அவளுக்கு வேண்டாம். இட்லிப் பானையும் கிரைண்டரும் அரிசி உளுந்து மட்டுமே பார்த்தவை என்றால் பயமில்லை.

காலை டிபனுக்குக் கவலையே கிடையாது. அரிசி நொய் உப்புமா, இடியாப்பம், புட்டு, அடை, சாமைப் பொங்கல். ரவைக்கு ஏங்குகிற நாளில் அரிசியையும் துவரம்பருப்பையும் மிளகோடு உடைத்து உப்புமா செய்யுங்கள், ரவையை மறந்துவிடுவாள். ஓட்ஸ் மட்டும் வேண்டாம். கோதுமை கலக்காமல் வருவது அபூர்வம், மருத்துவர் சரி என்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் போட எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கும் உச்சம் கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு துண்டு பிரெட்டில் மட்டும் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும், அதாவது 2,000 மில்லிகிராம். இது செரிக்காமல் வயிறு வலிக்கிற சமாச்சாரம் இல்லை. உடம்பே தன் சிறுகுடலில் சத்தை இழுக்கும் உறிஞ்சிகளைத் தாக்குகிறது. வலி தெரியாத நாளிலும் அது நடக்கும். இரும்பு மாத்திரை வேலை செய்யாமல் போனதும் அதனால்தானே? என் மாமியாருக்குக் கணக்கு ஏறவில்லை, ஹீமோகுளோபின் ஏறிய ரிப்போர்ட்டைக் காட்டியதும் ஏறிவிட்டது.

டிபன் மாஸ்டர்:

அண்ணே, நான் ஓட்டல் அடுப்படியில் நிற்கிறவன். பாப்பாவுக்கு வெளிச் சாப்பாட்டில் "சாதா தோசைதானே, அரிசி மாவுதானே" என்று வாங்கித் தராதீர்கள். ரவா தோசையில் ரவையும் மைதாவும் உண்டு, அதை ஊற்றுகிற கல்லில்தான் சாதா தோசையும் ஊற்றுவோம். பூரி பொரித்த எண்ணெயில் வடை பொரியும். காலிஃபிளவர் வறுவலில் மைதா இருக்கும், ஃபிரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸில் கோதுமை இருக்கும். ஆவியில் வேகும் இட்லி பரவாயில்லை என்றாலும் சாம்பாரில் பெருங்காயம் நிற்கிறது. தேங்காய்ச் சட்னியும் தாளிக்காமல் கேளுங்கள்.

பரோட்டாவுக்கு மாற்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மாவை வீசும்போது கிழியாமல் துணி மாதிரி விரிகிறதே, அந்த இழுவைதான் குளூட்டன். அது இல்லாத மாவில் பரோட்டா என்று யாராவது வீடியோ போட்டால் நம்பவேண்டாம். இழுவை இல்லாத மாவுக்குக் கொதிநீர்தான் வழி. இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கிளறுகிறோமே, வெந்த மாவு தானே ஒட்டிக்கொள்ளும். நாட்டுச் சோள மாவையும் (மக்காச்சோளம் இல்லை) அப்படியே கிளறி, சூடு பொறுக்கும்போதே பிசைந்து, வாழை இலையில் தட்டிக் கல்லில் போடுங்கள். விரிசல் விட்டால் ஒரு கப் மாவுக்கு ஒரு டீஸ்பூன் இசப்கோல் (ஒரு விதையின் உமி) சேருங்கள். சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், ஆறினால் அப்பளம்தான்.

தட்டுவடைக்கு வருவோம். அரிசி மாவு, வறுத்த உளுந்து மாவு, பொட்டுக்கடலை மாவு, மிளகாய்த்தூள், எள், உப்பு, வெண்ணெய் ஒரு உருண்டை. இதில் கோதுமைக்கு வேலையே இல்லை. மொறுமொறுப்புக்கு மைதா கலந்து போடுபவர்களும் உண்டு என்பதால் கடைத் தட்டு வேண்டாம். வீட்டில் தட்டி டப்பாவில் வைத்துக்கொண்டால் பீட்ரூட், கேரட், வெங்காயம் துருவி, காரச் சட்னியும் புதினாச் சட்னியும் தடவி இரண்டு நிமிடத்தில் செட் ரெடி.

கோவை வாசகி:

எனக்கும் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது. நானே நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து டெஸ்ட் எடுக்கலாமா?

கோமதி, திருச்சி:

வேண்டாம்மா. நிறுத்தினால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இறங்க ஆரம்பித்துவிடும், நோய் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். சாப்பிட்டுக்கொண்டே டெஸ்ட் எடுங்கள். சேலத்துத் தம்பி, உங்களுக்கும் மனைவிக்கும், வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும், டிடிஜி பார்த்துவிடுங்கள். பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கும் என்கிறார்கள்.

சேலத்து அப்பா:

டப்பாவைப் பார்த்தேன் அக்கா. மைதா என்றே அச்சடித்திருக்கிறது, சாம்பார் பொடியிலும் பெருங்காயம் இருக்கிறது. இரண்டும் வெளியே போய்விட்டன. எங்கள் இருவருக்கும் ரத்தப் பரிசோதனைக்கு நாளை காலை போகிறோம். மாஸ்டர், அடுத்த மாதம் மச்சினன் கல்யாணம். பந்தியில் அவளை உட்கார வைக்கலாமா, டப்பாவில் கட்டிக்கொண்டு போவதா?

டிபன் மாஸ்டர்:

உட்கார வையுங்கள் அண்ணே. சமையல் காண்ட்ராக்டரிடம் முந்தின நாளே போய்ப் பேசுங்கள். நோய் பேரைச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். "கோதுமை, மைதா, ரவை, கூட்டுப் பெருங்காயம் நாலும் படக்கூடாது" என்று சொல்லுங்கள். அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்தை நீங்களே வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் சாம்பார், ரசம் இரண்டும் பிரச்சினை இல்லாமல் போகும். சாம்பார் பொடி அவர் கொண்டுவருவதா என்று கேளுங்கள், ஆமாம் என்றால் வீட்டுப் பொடியையும் சேர்த்துக் கொடுங்கள். கேசரி, பூரி, வடை, அப்பளம் இலையில் வேண்டாம். அப்பளத்தில் உளுந்துதான் என்றாலும் பூரிக்கு வைத்த எண்ணெயில்தான் பொரிப்பார்கள். அவளை முதல் பந்தியில் உட்கார வையுங்கள், கரண்டிகள் மாறி விழுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடலாம். தட்டுவடை டப்பா கைப்பையில் இருக்கட்டும்.