அரியலூர் விபத்தும் ஒரு பதவி விலகலும்: மதிக்கத்தக்க தேசியத் தலைமை குறித்துக் குழு உறுப்பினர்கள் எழுதிய அனுபவங்கள்

அரியலூர்ப் பகுதியைச் சேர்ந்த உறுப்பினர்:

தேசிய அரசியலில் எல்லாத் தரப்பினரும் மதிக்கும் தலைவர்கள் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வரும். அவர் ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியாக, இருந்தவர். 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலையில், பெருமழையால் மருதையாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் எங்கள் ஊரருகே பாலத்தில் கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீட்பு வேலைக்குப் போனவர்களில் பெரியப்பாவும் ஒருவர். அங்கே கண்டதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியதை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். "தண்டவாளத்துல என்ன நடந்தாலும் எங்க தலைதான் மொதல்ல உருளும். அந்தத் தடவை மந்திரியே முன்னால வந்து நின்னாரு" என்பார்.

அதே ஆண்டு அதற்கு முன் நடந்த மகபூப்நகர் ரயில் விபத்தின்போதும் சாஸ்திரி விலகல் கடிதம் கொடுத்திருந்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி காரணம் என்பதால் அல்ல, அரசியல் நெறிக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கினார். இதனால் எங்கள் பக்கத்து மக்களின் கோபம் தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். துணை அமைச்சராயிருந்த ஓ.வி. அளகேசனைக் குறிவைத்து, "ஆண்டது போதாதா, மாண்டது போதாதா" என்ற முழக்கம் அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஊரெங்கும் ஒலித்தது. ஓர் அமைச்சர் விலகுவதால் பாலம் வலுவடைந்துவிடாது என்பதும் உண்மையே. ஆனாலும் கடைநிலை ஊழியர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் ஒரு மத்திய அமைச்சரை மரியாதையோடு நினைத்திருந்தார் என்றால், பழி கீழ்நோக்கி மட்டுமே பாயாத ஒரு நாளை அவர் கண்ணால் கண்டதே காரணம். 1999இல் மேற்கு வங்கத்தில் நடந்த கைசால் ரயில் விபத்தை அடுத்து அப்போதைய ரயில்வே அமைச்சர் நிதீஷ் குமார் விலகியதையும் இங்கே சொல்ல வேண்டும். அத்தகைய செயல்கள் இவ்வளவு அரிதாக இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

தில்லியில் பணிபுரியும் உறுப்பினர்:

சாஸ்திரி வாழ்ந்த இல்லம் இங்கே நினைவகமாக இருக்கிறது. என் மகளை அழைத்துச் சென்றபோது அவருடைய ஃபியட் காரின் முன் நெடுநேரம் நின்றோம். பிரதமராக இருந்தபோது அதை வாங்குவதற்காகப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் அவர் 5,000 ரூபாய் கடன் பெற்றார். அது தீரும் முன்பே 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் காலமாகிவிட, மீதியை அவருடைய மனைவி லலிதா தம் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். கேட்ட என் மகளால் இதை எளிதில் நம்ப முடியவில்லை. பிரதமர் கடன் வாங்குவதே அவளுக்குப் புதுமையாக இருந்தது.

மதுரையைச் சேர்ந்த மூத்த உறுப்பினர்:

மேலே இருவரும் எழுதியதை மனமார ஏற்கிறேன். ஆயினும் சாஸ்திரியின் அரசை எதிர்த்துத் தெருவில் நின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 1965இல் நான் கல்லூரி மாணவன். இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து ஜனவரி 25 அன்று மதுரையில் நாங்கள் தொடங்கிய ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. அடுத்த நாட்களில் தமிழகமெங்கும் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். அந்த வாரங்களில் தில்லி காட்டிய மெத்தனத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும், அரியலூர் முழக்கத்தில் இடம்பெற்ற அதே அளகேசனும் பதவி விலகுவதாக அறிவித்தனர். அன்றிரவு வானொலியில் பேசிய பிரதமர், இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் வாக்குறுதியைக் காப்பதாக உறுதி கூறினார்.

விடுதிக் கூடத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களில் பலர் அவரை நம்பவில்லை. பின்னால் எண்ணிப் பார்க்கையில்தான், தம் கட்சிக்குள்ளேயே இந்தியை விரைந்து கொண்டுவர விரும்பியவர்கள் வலுவாக இருந்த வேளையில் ஒரு பிரதமர் அப்படி இறங்கிவந்ததன் அருமை எனக்குப் புரிந்தது. அந்த வாக்குறுதி 1967ஆம் ஆண்டின் ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தில் இடம்பெற்றபோது அவர் உயிரோடு இல்லை. அவருடைய கருத்தோடு நான் உடன்பட்டதில்லை. எதிர்த்து நின்ற என் குரலுக்கு ஒரு நாட்டின் பிரதமர் செவிகொடுத்தார் என்பதற்காகவே அவரை மதிக்கிறேன். தேசியத் தலைமையிடம், அது எந்தக் கட்சியைச் சேர்ந்ததாயினும், நான் கேட்பது இதைத்தான். 1965இல் சிதம்பரத்திலோ கோவையிலோ படித்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள் எவரேனும் இருந்தால், அந்த உரையை அவரவர் ஊரில் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் எழுத வேண்டுகிறேன்.