வீட்ல ரெண்டு நாய் வச்சிருக்கவங்க வாங்க, பொறாமை அனுபவத்த சொல்லுங்க

எங்க வீட்ல மணின்னு ஒரு நாட்டு நாய், எட்டு வயசாச்சு, தெருவுல குட்டியா கிடந்தத அப்பா தூக்கிட்டு வந்தது. தங்கச்சி வேலை மாறிப் போனப்ப அவளோட லேப்ரடார் பிங்கிய எங்ககிட்ட விட்டுட்டுப் போனா, அதுல இருந்து மணி ஆளே மாறிட்டான். தோட்டத்துல எந்த மூலைல படுத்திருந்தாலும் சரி, பிங்கி தலைய யாராவது தடவுனா எப்படித்தான் தெரியுமோ, ஓடி வந்து மூக்கால கைய தட்டி விட்டுட்டு தன் தலைய நுழைப்பான். அம்மா கீழ உக்காந்து காய் நறுக்கும்போது பிங்கி ஒட்டிப் படுத்தா நடுவுல பூந்து அவளுக்கு முதுக காட்டி உக்காந்துக்குவான். நடுவுல திடீர்னு முன்னங்கால தூக்கி நொண்ட ஆரம்பிச்சுட்டான், பதறிப்போய் டாக்டர்கிட்ட போனா எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாரு, அப்புறம் பாத்தா தங்கச்சி வந்து பிங்கிய வெளிய கூட்டிட்டுப் போன அன்னிக்கு நாலு கால்லயும் பாய்ஞ்சு ஓடுறான். எனக்கு கோவமே வரல, பாவமா இருந்துச்சு. அத்தன வருஷம் மொத்த வீடும் அவனோடது இல்லையா.

*

எங்ககிட்ட ரெண்டும் சிப்பிப்பாறை, ஒரே ஈத்துக் குட்டிங்க. சோத்துக்கு சண்டையே கிடையாது, ஆனா எங்க வீட்டுக்காரர் பைக் சத்தம் கேட்டா போதும், கேட்டுக்கு யாரு முதல்ல போறதுன்னு ஒண்ண ஒண்ணு கடிச்சு சின்னவ காதுல தையல் போடுற வரைக்கும் போயிடுச்சு. அப்புறம் கவனிச்சதுல, கடிக்கிறதுக்கு முன்னாடி பெரியவ விறைச்சு நிப்பா, கண்ணோரம் வெள்ளை தெரியும், அதுக்கப்புறம் தான் உறுமல். தயவுசெஞ்சு உறுமுறதுக்காக அடிக்காதீங்க, அது எச்சரிக்கை, அத அடிச்சு நிறுத்துனா அடுத்த தடவ சத்தமே இல்லாம நேரா கடி தான். சண்டை நடுவுல கையும் விடாதீங்க. இப்ப அவரு வர்ற நேரத்துக்கு ஒருத்திய ரூம்ல விட்டு கதவ சாத்திடுவேன், அவரு உள்ள வந்து உக்காந்து, ரெண்டும் அடங்குன பிறகு தான் தொடுவாரு. கடி நின்னே போச்சு.

*

மணி செஞ்சத அப்படியே ஆராய்ச்சில பாத்திருக்காங்க. 2014ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சான் டியேகோல 36 நாய்ங்க முன்னாடி அதுங்க ஓனர குரைச்சு வாலாட்டுற பொம்மை நாய கொஞ்ச சொன்னாங்க, புத்தகம் படிச்சப்ப இருந்தத விட அப்ப ஓனர ரொம்ப அதிகமா இடிச்சு தள்ளுச்சுங்க, நடுவுலயும் பூந்துச்சுங்க. அது நிஜ பொறாமையான்னு இன்னும் வாதம் பண்றாங்க, எனக்கு சந்தேகமே இல்ல. 2008ல வியன்னால பண்ணது இன்னும் எங்க வீட்டுக் கத மாதிரி: ரெண்டு நாயயும் பக்கத்துல பக்கத்துல வச்சு கை குடுக்க சொல்லி, ஒண்ணுக்கு மட்டும் தீனி குடுத்தா, கிடைக்காதது கை குடுக்கிறதயே நிறுத்திடுமாம், ஆனா ஒண்ணுக்கு ரொட்டி இன்னொண்ணுக்கு கறின்னா கண்டுக்கலயாம். எங்க கிழவனுக்கு பல்லு இல்லாததால தயிர்சாதம், குட்டிக்கு ரஸ்க், ரெண்டும் நிம்மதியா சாப்பிடும். ஒருத்தனுக்கு வெறும் கைய காட்டினா தான் அன்னிக்கு பூரா அழுக.

மணிய டாக்டர் பாத்துட்டாருல்ல, இனிமே நொண்டும்போது ஓடிப்போய் தூக்காதீங்க, நல்லா நடக்கும்போது கொஞ்சுங்க. சாயங்காலம் பிங்கி இல்லாம அவன மட்டும் ஒரு நடை கூட்டிட்டுப் போங்க.