மாடர்ன் ஆர்ட் மியூசியத்தில் ஒன்றும் புரியாமல் முழித்த அனுபவம் உண்டா?

மேட்டூர்க்காரன்:

நான் முழித்திருக்கிறேன். கூட வந்த அப்பா முழிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

2008 ஜனவரி. அப்பாவும் அம்மாவும் லண்டன் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வெளியே குளிர், வீட்டுக்குள் ஹீட்டர், பேச ஆள் இல்லை. டிக்கெட் கிடையாது என்ற ஒரே காரணத்துக்காக டேட் மாடர்ன் என்ற மாடர்ன் ஆர்ட் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். அப்பா மின்வாரியத்தில் எண்ணூரில் சேர்ந்து, மேட்டூர் அனல்மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓவியம் என்றால் காலண்டர் முருகன்தான்.

ஆற்றோரம் நடக்கும்போதே சிம்னியைப் பார்த்துவிட்டார். "இது பவர் ஹவுஸ் ஆச்சேடா?" ஆமாம், பேங்க்சைடு மின் நிலையம். எண்ணெயில் ஓடியது. 1981இல் மூடினார்கள், 2000இல் மியூசியமாகத் திறந்தார்கள். கட்டடத்தை வடிவமைத்த ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் லண்டனின் சிவப்பு டெலிபோன் பூத்தையும் வடிவமைத்தவர். சிம்னி 99 மீட்டர். எதிர்க்கரையில் இருக்கும் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்தைத் தாண்டாதபடி கட்டியது என்றேன். "சாமிக்குக் கீழ இருக்கணும்னு குட்டையா கட்டிட்டாங்க. புகை எங்க போகும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

உள்ளே சரிவில் இறங்கியதும் நின்றுவிட்டார். கையைத் தூக்கி எங்களையும் பேசாமல் இருக்கச் சொன்னார். "ஏதோ ஓடுது. டிரான்ஸ்ஃபார்மர்." எனக்குக் கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் காதைக் கொடுத்துக் கேட்டபோது, அடியில் ஒரு ரீங்காரம் இருந்தது. கட்டடத்தின் ஒரு பக்கத்தில் அப்போதும் துணை மின் நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் நாலு தடவை அங்கே போயிருக்கிறேன், ஒரு தடவைகூட அது என் காதில் விழுந்ததில்லை.

முன்பு டர்பைன்கள் இருந்த பெரிய கூடமான டர்பைன் ஹால் அன்று காலியாக இருந்தது. சுவரில் ஒன்றும் இல்லை, தரையில் மட்டும் ஒரு விரிசல். வாசல் பக்கம் மயிரிழையாகத் தொடங்கி, போகப் போக அகன்று, கால் உள்ளே போகும் அளவுக்குப் பிளந்து, 167 மீட்டர் ஓடியது. கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோவின் படைப்பு. அம்மா தாண்ட மாட்டேன் என்று மெல்லிசாக இருந்த இடம்வரை திரும்பிப் போய்த் தாண்டி வந்தார். அப்பா முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, உள்ளே பார்த்தார்.

"இது தானா விட்ட விரிசல் இல்லடா. பாரு, ரெண்டு பக்கமும் கம்பிவலை வெச்சு வார்த்திருக்காங்க. அஸ்திவாரம் இறங்கினா இப்படி உடையாது." இதை எப்படிச் செய்தார்கள் என்று அப்போது பத்திரிகைகள் கேட்டுக்கொண்டே இருந்தன, அவர்கள் சொல்லவில்லை. அப்பா பத்து நிமிடத்தில் ஒரு செய்முறையே சொல்லிவிட்டார். சரியா தப்பா தெரியாது, ஆனால் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர், மொழி புரியாமலே, அப்பாவின் விரல் போன இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐரோப்பாவுக்குள் வருகிறவர்களுக்கும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் நடுவில் இருக்கும் பிளவைத்தான் சால்செடோ அம்மையார் சொல்கிறார் என்று படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏர்போர்ட்ல நம்மள தனி வரிசைல விட்டாங்களே, அதுவா?" என்றார்.

மேல்மாடிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய பெரிய பெயர்கள்தான். அப்பாவுக்குக் கால் வலித்தது. கீழே புத்தகக் கடையில் அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரேயின் செங்கல் படைப்பின் படத்தைக் காட்டினேன். 120 செங்கல், அறுபது அறுபதாக இரண்டு அடுக்கு, அவ்வளவுதான். 1972இல் டேட் அதை வாங்கியது. 1976இல் செய்தித்தாள்கள் விஷயத்தைக் கிளப்பி, மக்கள் பணத்தில் செங்கல்லா என்று நாடே சிரித்தது. அப்பாவும் சிரிப்பார் என்று நினைத்தேன். "இது ஃபயர் பிரிக். பாய்லர்ல வைக்கிறது. லேசுப்பட்ட சாமான் இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுக்கியதில் இணைப்பு நேராக இருக்கிறதா என்று படத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

குரோய்டன்வாசி:

நான் போனது 2015இல். எல்லாரும் சொல்கிறார்களே என்று டேட் மாடர்னில் அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் படங்கள் இருக்கும் அறையில் உட்கார்ந்தேன். அரை இருட்டு, கருஞ்சிவப்பும் கறுப்புமாகப் பெரிய படங்கள். பக்கத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கம் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் ஒரு பணக்கார ரெஸ்டாரன்டுக்காக 1958இல் வரையத் தொடங்கியவை. அங்கே மாட்டப் பிடிக்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நல்ல காரியம், அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு யாருக்குச் சோறு இறங்கும்?

2012இல் ஒருவர் அதில் ஒரு படத்தின் மூலையில் கிறுக்கிவிட்டார், சரிசெய்யப் பதினெட்டு மாதம் பிடித்தது. எந்தப் படம் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு மூலையாக உற்றுப் பார்த்தேன். காவலர் தொண்டையைக் கனைத்தார். எனது கலை அனுபவம் அத்தோடு முடிந்தது.

பருத்தித்துறை அக்கா:

நான் சொல்லப்போறது லண்டன் இல்லை, மட்ரிட். 2016இல் பாரிஸில் இருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ரெய்னா சோஃபியா மியூசியம் முந்தி ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம். அங்கேதான் பிக்காசோவின் குவர்னிகா இருக்கிறது, அந்தப் பெயருள்ள ஸ்பெயின் ஊரில் விமானங்கள் குண்டு போட்டதைப் பற்றிய ஓவியம். ஏழே முக்கால் மீட்டர் அகலம், நிறமே இல்லை, கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும். அந்த நேரம் அந்த அறையில் படம் எடுக்கவும் விடமாட்டார்கள், அதனால் சனம் உண்மையாகவே பார்த்துக்கொண்டு நின்றது.

அம்மாவுக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. செத்த பிள்ளையை வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்திக் கத்துகிற தாயைத்தான் பார்ப்பா என்று நினைத்தேன். அவ பார்த்தது ஜன்னலால் கையை நீட்டி விளக்குப் பிடிக்கிற பொம்பிளையை. "பொம்மர் வரேக்க ஏன் லாம்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா? நூக்கச் சொல்லு பிள்ளை." ஊரில் சண்டைக் காலத்தில் இரவில் குண்டு போடுற பிளேனின் சத்தம் கேட்டால் முதல் விளக்கை நூத்துவிட்டு, பிறகுதான் பங்கருக்கு ஓடுவோம். எனக்கு அப்போது ஏழு வயது.

இது பட்டப்பகலில் நடந்தது அம்மா, 1937இல், பின்னேரம், சந்தை நாள் என்றேன். "சந்தையிலயோ" என்று கேட்டுவிட்டு, கைப்பையைத் திறந்து எதையோ தேடினா. கனநேரம் தேடினா.

மேட்டூர்க்காரன், அப்பா திரும்பவும் வந்தவரோ?

மேட்டூர்க்காரன்:

வந்தார் அக்கா, 2013இல். விரிசலை 2008 ஏப்ரலோடு சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள், ஆனால் தழும்பு தரையில் அப்படியே தெரியும். நான் காட்டுவதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். ஷூ நுனியால் தொட்டுக்கொண்டே கடைசிவரை நடந்து போய், திரும்பி வந்து, "க்யூரிங் சரியா பண்ணல" என்றார்.